பச்சைப் பட்டியில் ஒரு கர்ச்சீப்

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் எட்டேகால் வண்டி திரும்பும்போதே அமுதா ஓட ஆரம்பித்துவிடுவாள். வண்டி நிற்பதற்குள், இடது பக்கம் மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே போய் எம்பி, கையிலிருக்கும் கர்ச்சீப்பை உள்ளே போட்டுவிடுவாள். அது சீட்டில் விழுந்துவிட்டால் போதும். அப்புறம் இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் முட்டி மோதி ஏறி முடிக்கிறவரை நிதானமாக நிற்கலாம். கடைசி ஆளாக ஏறினாலும் சீட்டு நம்முடையதுதான்.

எங்கள் பக்கத்தில் ஏரிப் புறம்போக்கை வளைத்துப் போட்டவர்கள் உண்டு. கர்ச்சீப் போட்ட சீட்டில் உட்கார்ந்தவர்கள் கிடையாது.

நான் எப்போதும் கடைசி நிமிஷத்து ஆள். எதிர்ப்புறம் டீக்கடையைத் தாண்டி நான் ஓடி வரும்போதே ஜன்னலுக்கு வெளியே அவள் கை ஆடிக்கொண்டிருக்கும். "சீக்கிரம் வாடி. நீ வர்ற வரைக்கும் நிக்க இது இன்னா உங்க மாமனார் ஊட்டு வண்டியா?" என்பாள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

அவள் ஜன்னலோரம். நான் அவளுக்கு வலப்பக்கம். திருவண்ணாமலை வரை முக்கால் மணி நேரம். அவளுக்கு ஒரு நர்சிங் ஹோமில் வேலை, எனக்குப் பல் கட்டுகிற லேபில்.

சாயங்காலம் எனக்கு ஐந்தரைக்கு வேலை முடியும், அவளுக்கு ஆறு மணி. அதனால் திரும்பும்போது சீட்டுப் போடுவது என் பொறுப்பு. காலையில் இறங்கும்போது கர்ச்சீப்பை மடித்து என் கையில் கொடுப்பாள். ராத்திரி ஊரில் இறங்கும்போது நான் அவளிடம் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் ஒரே கர்ச்சீப்தான். வெள்ளைத் துணி, மஞ்சள் ஓரம், ஒரு மூலையில் அவளே நூல் போட்ட சிவப்புப் பூ. பூ என்று அவள்தான் சொல்வாள். எனக்கு அது தக்காளியாகத்தான் தெரிந்தது.

ஆறு வருஷம் இப்படிப் போய்வந்தோம்.

அந்தக் கர்ச்சீப்பைத்தான் நான் இப்போது செய்ய வேண்டியிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவுக்கு. எதில் செய்வது என்று தெரியாமல் நான் பட்ட பாடுதான் இந்த வாரக் கட்டுரை.

என் பஸ்

தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இன்னமும் அதே வேலையில்தான் இருக்கிறேன். டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார், நாங்கள் பல் செட்டு செய்து அனுப்புவோம். திருவண்ணாமலையில் மேடையேறிப் பேசுகிற பல பெரிய மனிதர்களின் சிரிப்பு என் கைவேலை. யார் யார் என்று சொன்னால் என் வேலை போய்விடும்.

ஊரடங்கில் லேப் மூடிக் கிடந்தபோது கை சும்மா இருக்கவில்லை. திருவண்ணாமலையை ஒட்டி வேங்கிக்காலில் கட்டிய எங்கள் புது வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி ஒரு பஸ் செய்ய ஆரம்பித்தேன். நாங்கள் போய்வந்த அதே தனியார் வண்டி. அசலில் இருபத்துநாலில் ஒரு பங்கு. ஜன்னல் கம்பிகளுக்குக் கோணல் பல்லுக்குப் போடுகிற கம்பி. டிரைவர் தலைக்கு மேல் மூன்று சாமி படம். முன்கண்ணாடிக்குக் கீழே கடுகளவு எலுமிச்சம்பழம். மூன்றாவது சீட்டில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிகிற இடம்கூட விட்டுப்போகவில்லை.

ஊரடங்கு முடிந்தது. லேப் திறந்தது. பஸ்ஸும் ஒருவழியாக முடிந்தது. அதில் உட்கார ஆள்தான் இல்லை. எனக்கு இரண்டே இரண்டு பேர் போதும், அவளும் நானும்.

என் கணவர் சேகர் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறார். தன் மேஜையில் எந்தக் கோப்பும் மூன்று நாளைத் தாண்டாது என்பது அவருடைய பெருமை. "நம்ம ஊட்ல ஒரே ஒரு பைலுதான் க்ளோஸ் ஆவாம கீது" என்று மாடியைக் கை காட்டுவார்.

போனில் ஓர் எண்

கோப்பு மூடாததற்குக் காரணம் பொம்மை பிடிக்க நல்ல பட்டி, அதாவது பிசைந்து வைத்தால் இறுகுகிற பசை, கிடைக்காததுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி உண்மை.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் ஓரிடத்தில், போகிற போக்கில், அமுதா என்கிற பெயரையும் எட்டேகால் வண்டியையும் எழுதியிருந்தேன். சில வாரம் கழித்துப் பத்திரிகை அலுவலகம் வழியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வேலூரில் நர்ஸ். "நீங்கள் சொல்கிற அமுதா எங்கள் வார்டில் மூத்த சிஸ்டராக இருந்தவர். கீழ்பென்னாத்தூர்க்காரர். நம்பர் தரலாமா என்று கேட்டேன். கொடு என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை."

கீழே எண் இருந்தது. அதைப் போனில் ஏற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. தினம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். கூப்பிட்டு என்ன பேசுவது? கடைசியாகப் பார்த்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிரிந்த விதமும் நல்ல விதம் இல்லை. தப்பு என்னுடையது.

அதனால் ஒரு முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் அவளையும் என்னையும் உட்காரவைத்து, படமெடுத்து அனுப்பிவிடுவது. பேச்சு வராதவளுக்கு அதுதான் வழி. பொம்மை முடிகிற அன்றைக்குப் படம் போகும். பொம்மை முடியாதவரை போகாது.

மெழுகும் பாய் கடைப் பட்டியும்

முதலில் கைக்குப் பழகியதைத்தான் எடுத்தேன். பல் செட்டுக்கு ஈறு பிடிக்கிற ரோஸ் மெழுகு. கத்தியைச் சூடுகாட்டி இழைத்தால் நினைத்த வடிவம் வரும். இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் அமுதா வந்துவிட்டாள். விரல் நீளத்துக்கு அழகாக உட்கார்ந்திருந்தாள். பிறகு சித்திரை வந்தது. ஒருநாள் லேபிலிருந்து வந்து மாடியறைக் கதவைத் திறந்தால், அவள் முன்சீட்டுக் கம்பியின் மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்து கிடந்தாள். எங்கள் ஊரை நெருப்புத் தலம் என்கிறார்கள். மெழுகை எடுப்பதற்கு முன் அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்து வேலூர் ரோட்டில் டிங்கரிங் கடை வைத்திருக்கும் பாஷா பாயிடம் போனேன். ஒடுங்கின காரைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்துக்குப் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறவர். எங்கள் ஸ்கூட்டர் அவர் கையால் மூன்று முறை மறுபிறவி எடுத்திருக்கிறது.

"பொம்மை செய்யப் பட்டி வேணும் பாய். முகம், மூக்கு, காது எல்லாம் வரணும்."

"வண்டிக்கு பட்டி கேப்பாங்க. மனுசிக்கு கேட்டு வந்தது நீதாம்மா" என்றார். ஆனாலும் ஒரு தகரத் துண்டில் கொஞ்சம் பட்டியை வைத்து, டியூபிலிருந்து சிவப்பாகப் பிதுக்கிக் கலந்து காட்டினார். "இது ஹார்ட்னர். ஜாஸ்தி போட்டா கைலயே கல்லாயிடும். கம்மியா போட்டா நாளைக்கும் பிசுபிசுன்னு கெடக்கும். இந்த வெயில்ல உனக்கு அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிஷத்தில முகம் வருமா பாய்?"

"நான் டோர்ல போட்டுத் தேய்க்கறவன். மொகத்தப் பத்தி எனக்கு இன்னாம்மா தெரியும்?"

அவர் சொன்னது சரி. மூக்கு வருவதற்குள் கல்லாகிவிட்டது. நாற்றம் வேறு மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் பாய் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்க ஹார்டுவேர் கடையில் இரண்டு துண்டாக விற்பார்களே, இரண்டையும் பிசைந்தால் சாம்பல் நிறமாகும், அது அரை மணிக்கு மேல் தாங்கும் என்று.

தாங்கியது. காய்ந்த பிறகு அரம் போட்டாலும் உப்புத்தாள் போட்டாலும் கேட்டது. ஆனால் பிசையும்போது விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது. ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் தொட்டேன். அதன் மேல் பெயிண்ட் நிற்காமல் திட்டுத் திட்டாக உரிந்தது. எண்ணெய் வேண்டாம், ஏதாவது பொடி தூவலாம் என்று பூஜை அலமாரியிலிருந்து விபூதியை எடுத்தேன். இந்த ஊரில் எந்த வீட்டிலும் கைக்கெட்டும் மிருதுவான பொடி அதுதானே. அது பட்டியோடு கலந்து கன்னமெல்லாம் பொரிந்துபோனது.

சேகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உற்றுப் பார்த்தார். "மலை சுத்திட்டு வந்த மாதிரி கீறாங்க" என்றார்.

இறுகாத களிமண்

கடைசியில் ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் விளையாட விற்கிற எண்ணெய்க் களிமண் வாங்கிவந்தேன். அது இறுகவே இறுகாது. இன்று செய்த மூக்கை அடுத்த வாரம் மாற்றலாம். உட்கார்ந்தவளை எழுப்பலாம். எழுந்தவளை உட்காரவைக்கலாம். வெயிலில் கொஞ்சம் தளரும், மறுபடி தட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

அதோடு ஓராண்டு ஓடியது. அந்தக் கடிதம் வந்ததும் அந்த ஓராண்டில்தான். ஞாயிறுதோறும் அமுதாவின் முகத்தை அழித்து மறுபடி செய்தேன். வலப்பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் அப்படியே வந்துவிடும். காதுக்குக் கீழே மச்சம், வலது மூக்கில் ஒற்றைக்கல், சிரிப்பதற்கு முன்னால் கன்னம் லேசாக உள்ளே போகிற விதம் எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. நேர்முகம்தான் வரவில்லை. ஏன் என்று யோசித்தபோது உறைத்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு மற்றவளின் ஒரு பக்கம்தான் தெரியும். ஆறு வருஷம் நான் பார்த்தது அவளுடைய வலது கன்னத்தைத்தான். அவளை நேருக்கு நேர் நின்று பார்க்க வேண்டிய ஒருநாள் வந்தது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் காபியோடு மாடிக்கு வந்தார். "இது எத்தினியாவது மூக்கு?"

"பட்டி சரியில்லைங்க. அதான் வரமாட்டேங்குது."

"மெழுகு சரியில்லன்ன. பாய் பட்டி சரியில்லன்ன. இப்ப இதுவும் சரியில்ல. விஜி, பட்டியா சரியில்ல?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சாயங்காலம்

மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வெளியூர்க் கூட்டம் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தது. திருவண்ணாமலை ஸ்டாண்டில் கால்வைக்க இடமில்லை. நான் எப்படியோ முண்டியடித்து ஏறி மூன்றாவது சீட்டைப் பிடித்தேன். ஜன்னலோரத்தில் கர்ச்சீப்பை விரித்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

அமுதாவுக்கு முன்னால் என் பெரியம்மா ஏறினார். அம்மாவுக்கு மூத்தவர். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரோடு எவ்வளவு பேசலாம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

எங்கள் வீடு ஊருக்குள். அமுதா வீடு காலனியில். பஸ்ஸில் எங்களுக்கு அது நினைவுக்கு வந்ததே இல்லை என்று முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அவள் டப்பாவிலிருந்து வேர்க்கடலைச் சட்னி தொட்டு நான் எத்தனையோ நாள் இட்லி சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் அதை வீட்டில் சொன்னதில்லை. அவளை ஒருமுறைகூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நினைவில்லாதவள் எதற்கு மறைக்கப் போகிறாள்?

"விஜி, நீ இந்த வண்டியா? தள்ளி உக்காரு" என்றார் பெரியம்மா. பிறகு கர்ச்சீப்பைப் பார்த்தார். "யாருக்குடி எடம் புடிச்சிக்கினு கீற?"

"யாருக்கும் இல்ல பெரிம்மா."

கர்ச்சீப்பை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தேன். பெரியம்மா உட்கார்ந்தார்.

அமுதா ஏறினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் சீட்டுவரை வந்துவிட்டாள். வந்ததும் நின்றாள். என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் வெளியே ஒரு பழக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நகர்ந்தது. அவள் பை பெரியம்மாவின் தோளில் இடித்தது. பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்ச பொண்ணா?"

"பஸ்ல பாத்திருக்கேன்" என்றேன்.

அமுதாவின் காதில் அது விழாமலிருக்க வழியில்லை. அவள் பெரியம்மாவிடம், "பை இடிச்சிடுச்சிங்களா? சாரிங்க" என்றாள். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே வந்தாள். ஊர் வந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போனாள். கர்ச்சீப் என் கைக்குள் வேர்வையில் நனைந்து கிடந்தது.

மறுநாளிலிருந்து அவள் ஏழே முக்கால் வண்டிக்கு மாறிவிட்டாள். நானும் ஏழே முக்காலுக்குப் போயிருக்கலாம். அரை மணி முன்னால் எழுந்தால் போதும். ஒருநாள்கூடப் போகவில்லை. பயம், வெட்கம், நாளைக்குப் போகலாம் என்கிற எண்ணம், எல்லாம் சேர்ந்து என்னைக் கட்டிப்போட்டுவிட்டன. சில மாதத்தில் அவளுக்கு அரசு வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வேலூர்ப் பக்கம் போய்விட்டாள் என்று கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எவளும் எனக்காக ஓடிப்போய் எம்பி சீட்டுப் போட்டதில்லை. அவளுக்காக நான் ஏங்காத சாயங்காலம் கம்மி.

நான் சொல்லி முடித்ததும் சேகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு அவங்க நின்னுக்கினு வந்தாங்க. நீ வாராவாரம் உக்கார வெச்சிக்கினு கீற."

நடுவரியை வெட்டிப் போடணும்

அன்றைக்கு ராத்திரியே களிமண்ணை உருட்டி டப்பாவில் போட்டு மூடினேன். நின்றால் நிற்கிற, செய்தால் மாறாத பட்டி வேண்டும் என்று தேடி, பொம்மைக்காரர்கள் பயன்படுத்தும் பச்சைப் பட்டியைத் தபாலில் வரவழைத்தேன்.

அது ரிப்பன் மாதிரி வரும். பாதி நீலம், பாதி மஞ்சள். வெட்டிப் பிசைந்தால் பச்சையாகும். இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற நடுவரி, பாக்கெட்டுக்குள்ளேயே இறுகத் தொடங்கியிருக்கும். அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் பிசைய வேண்டும் என்று கூடவந்த தாளில் எழுதியிருந்தது. லேபில் ஒரு துளி மெழுகைக்கூட வீணாக்காமல் பழகியவள் நான். நல்ல பட்டியை எவளாவது குப்பையில் போடுவாளா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்தேன். முகமெல்லாம் மணல் மணலாகத் திப்பி நின்றது. அடுத்த முறை மனசில்லாமல் வெட்டிப் போட்டேன்.

தாளில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. நம் ஊர் வெயிலில் ஐம்பது நிமிஷம்தான். பிசைந்ததை மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். எண்ணெயும் இல்லை, விபூதியும் இல்லை. கருவியை வெறும் தண்ணீரில் தொட்டாலே ஒட்டாது என்பது அத்தனைக்கும் பிறகுதான் தெரிந்தது.

பச்சைப் பட்டி ரப்பர் மாதிரி. புடவை மடிப்பு கத்திபோல் நிற்கும். ஆனால் உப்புத்தாள் போட்டால் நார் நாராக வரும். அதனால் கம்பிக்கு மேல் உடம்பைக் குழாய்ப் பட்டியிலும், புடவையைப் பச்சையிலும், முகத்தை இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தும் செய்வது என்று வைத்துக்கொண்டேன். எந்தப் பட்டி நல்லது என்று கேட்டு இனி யாராவது எழுதினால் இதுதான் என் பதில். ஒன்று போதாது.

எந்த நேரத்தைச் செய்வது என்பது மட்டும் பாக்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பொய். கம்பியைப் பிடித்து நிற்பதுதான் நிஜம், ஆனால் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காத முகத்தைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. யோசித்து யோசித்து, அவள் ஏறுகிற நேரத்தை எடுத்துக்கொண்டேன். முன்வாசல் படியில் ஒரு கால், கம்பியில் ஒரு கை. மூன்றாவது சீட்டிலிருந்து பார்த்தால், ஏறுகிறவளின் வலப்பக்கம்தான் தெரியும். அது எனக்குத் தெரிந்த பக்கம்.

என்னை நடைபாதைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தேன். ஜன்னலைப் பார்க்காமல் வாசலைப் பார்க்கும்படி கழுத்தைத் திருப்பினேன். பெரியம்மாவைச் செய்யவில்லை. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்குப் பொய் சொன்னது என் வாய்தான்.

மூக்குத்திக்கு ஊசி முனையால் ஒரு புள்ளி. மச்சத்துக்கு இன்னொன்று. பட்டாணி அளவு பச்சை மிஞ்சியது, இறுகிவிடாமல் அதை மறுபடி பிரிட்ஜில் வைத்தேன். கர்ச்சீப்புக்கு அது போதும்.

பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து நிஜக் கர்ச்சீப்பை எடுத்தேன். அன்றிலிருந்து துவைக்காதது. கசங்கின கோடுகள்கூட அப்படியே பழுப்பேறியிருந்தன. துணி எப்படி விழும், எங்கே மடியும் என்று பார்ப்பதற்காக நாற்காலியில் தூக்கிப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அமுதா போட்டது போல் ஒருமுறைகூட விழவில்லை. நாற்காலியைத் தள்ளிவைத்து எம்பியும் போட்டேன். ஐம்பதைத் தாண்டினவள் மாடியறையில் எம்பிக் குதிப்பதைப் பார்க்க நல்லவேளையாக சேகர் வீட்டில் இல்லை, லேபுக்கு லீவு போட்டிருந்தது நான் மட்டும்தான்.

பிறகு பட்டியைப் பிளாஸ்டிக் தாள் மேல் மெலிதாக உருட்டி, சதுரமாக வெட்டி, ஜன்னலோரத்துச் சீட்டில் போட்டேன். ஊசியால் இரண்டு மடிப்புகள் தூக்கிவிட்டேன். மறுநாள் காலை நகத்தால் அழுத்தியபோது இறங்கவில்லை. வெள்ளை அடித்து, மஞ்சள் ஓரம் இழுத்து, மூலையில் ஒற்றை முடிப் பிரஷ்ஷால் சிவப்புப் புள்ளி வைத்தேன். அதுவும் தக்காளியாகத்தான் வந்தது.

மூன்று நாள்

படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் ஏற்றினேன். கூட என்ன எழுதுவது? நலமா என்று எழுதி அழித்தேன். மன்னிச்சிடு என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில், "பஸ்ல பாத்திருக்கேன்னு சொன்னது பொய்ய். விஜி" என்று அனுப்பிவிட்டேன். அவசரத்தில் ஒரு 'ய்' ஜாஸ்தி.

பத்து நிமிஷத்தில் இரண்டு நீல டிக் வந்தது. படித்துவிட்டாள். அதோடு சரி.

ஒருநாள் போனது. இரண்டு நாள் போனது.  சேகர் சாப்பிடும்போது என் போனை ஒருதரம் பார்ப்பார், என்னை ஒருதரம் பார்ப்பார். லேபில் ஒரு கீழ்வரிசைக்குப் பல்லை மாற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன். இத்தனை வருஷம் கழித்துப் பதிலை எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்யதை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் எதிர்பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், கையெல்லாம் பிளாஸ்டர் மாவாக இருக்கும்போது போன் ஒலித்தது. முழங்கையால் தள்ளிப் பார்த்தேன். பஸ்ஸைப் பற்றி ஒன்றுமில்லை. மூக்குத்தி, மச்சம், பச்சைப் பட்டி எதைப் பற்றியும் இல்லை. ஒரே ஒரு வரி.

"அந்த கர்ச்சீப்ப நீ இன்னும் திருப்பித் தரல."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கோபமா, கூப்பிடுகிறாளா, இரண்டுமா என்று அந்த வரியில் தேடினேன். கையைக்கூடக் கழுவாமல், "எப்ப கொண்டாந்து தரட்டும்?" என்று அனுப்பினேன். போன் முழுக்க மாவு. இதை எழுதுகிற நேரம்வரை அதற்குப் பதில் வரவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். அழுக்கோடு எப்படித் திருப்பித் தருவது? வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பூவுக்குச் சேதம் வராமல் கையாலேயே மெதுவாகக் கசக்கினேன். பழுப்பு கொஞ்சம் போனது, கொஞ்சம் போகவில்லை.

மொட்டை மாடிக் கொடியில் இரண்டு கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன். மலைப் பக்கமிருந்து காற்று ஜாஸ்தியாக அடிக்கிறது. இப்போதுதான் எழுந்துபோய் மூன்றாவது கிளிப்பையும் போட்டுவிட்டு வந்தேன்.